ஓட்ஸ்ஹோர்னின் நெருப்புக்கோழிப் பண்ணையில்

கேப்டவுனிலிருந்து கிழக்கு நோக்கிக் காரில் செல்பவர்களில் பெரும்பாலோர், என்2 நெடுஞ்சாலையை விட்டு இறங்காமல், மோசல் பே, ஜார்ஜ், நைஸ்னா என்று கடலைப் பார்த்தபடியே போய்விடுகிறார்கள். அந்தச் சாலையின் அழகைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஜார்ஜ் நகரில் வடக்கே திரும்பி மலையேறினால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஓட்ஸ்ஹோர்ன் என்ற ஊர் வருகிறது. ஒரு காலத்தில் உலகத்தின் நாகரிகச் சீமாட்டிகள் தொப்பியில் செருகிக்கொண்ட நெருப்புக்கோழி இறகுகளில் பெரும்பகுதி இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்ததாகவே இருந்தது. இன்றும் அங்கே பறவைகளுக்குக் கையால் தீனி கொடுத்து, முட்டையைத் தூக்கிப் பார்த்து, இறகைத் தடவிப் பார்க்கலாம் என்று பண்ணைகள் பயணிகளை வரவேற்கின்றன. கேப்டவுனில் வேலை பார்க்கும் என் தம்பி விடுமுறை எடுத்து எங்களைக் காரில் அழைத்துச் சென்றபோது, கடலை விட்டு உள்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்பியவர் அப்பாதான். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வாழ்நாள் முழுவதும் மாடும் எருமையும் வைத்து விவசாயம் பார்த்தவருக்கு, கடலைவிடப் பண்ணையைப் பார்ப்பதில்தான் ஆர்வம் இருந்தது.

ஜார்ஜிலிருந்து ஊட்டெனிக்வா மலைத்தொடரைக் கடக்கும் கணவாய்ச் சாலை 1951இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்ட இத்தாலியப் போர்வீரர்களும் இதன் கட்டுமானத்தில் வேலை செய்திருக்கிறார்கள். கடலோரப் பக்கத்தில் ஏறும்போது மலைச்சரிவு முழுவதும் பசுமையாக, மேகம் படிந்து ஈரமாக இருக்கிறது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் பசுமை படிப்படியாகக் குறைந்து, குட்டையான புதர்களும் கற்றாழைகளும் சிவந்த மண்ணுமாக நிலம் வேறு முகம் காட்டுகிறது. கடலிலிருந்து வரும் மேகங்களை ஊட்டெனிக்வா மலையே வாங்கிக்கொள்வதால், அதற்கும் வடக்கே உள்ள ஸ்வார்ட்பெர்க் மலைக்கும் நடுவில் கிடக்கும் க்ளைன் கரூ என்னும் இந்தச் சமவெளி மழை மறைவுப் பகுதியாகிவிட்டது. "நம்ம காங்கேயத்துப் பக்கம் மாதிரியே இருக்குது கண்ணு" என்று அப்பா சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் மழைக்கு ஏங்கி நிற்கும் ஊர்களில் வாழ்ந்தவருக்கு அந்த நிலத்தின் தன்மை பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

நெருப்புக்கோழிக்கு வேண்டியதும் இத்தகைய வறண்ட காற்றுதான். ஈரம் மிகுந்த இடத்தில் குஞ்சுகள் பிழைப்பதில்லை. இறகின் தரமும் கெடும். ஆனால் வறட்சி மட்டும் இருந்தால் பறவைக்குத் தீனி எங்கிருந்து வரும்? மலைகளிலிருந்து இறங்கும் ஓலிஃபன்ட்ஸ், க்ரோபெலார்ஸ் ஆறுகளின் நீரை வாய்க்கால்களில் திருப்பி, பள்ளத்தாக்கின் அடிமண்ணில் குதிரை மசால் பயிரிட்டார்கள். சாலையின் இருபுறமும் பட்டை பட்டையாகத் தெரிந்த அந்தப் பச்சையைப் பார்த்து, தம்பியிடம் காரை ஓரங்கட்டச் சொல்லி, வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு தண்டை அப்பா கிள்ளிப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் மாட்டுக்கு வெட்டிப் போடுகிற அதே குதிரை மசால். காற்றில் வறட்சி, காலடியில் தண்ணீர் பாயும் பசுந்தீவனம் என்ற இந்தச் சேர்க்கை அமைந்ததால்தான் இவ்வளவு பெரிய தொழில் இங்கே வேர்விட்டது.

நாங்கள் சென்ற பண்ணையில் பார்வையாளர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழிகாட்டியை அனுப்புகிறார்கள். எங்களுக்கு வந்தவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்; வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசுபவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு வாளி நிறையக் குச்சித் தீவனத்தைக் கொடுத்து, கம்பி வேலிக்கு இப்பால் நிற்கச் சொன்னார். வாளியின் சத்தம் கேட்டதுமே தொலைவில் மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன. மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய பறவை என்று புத்தகத்தில் படிப்பது வேறு. இரண்டே விரல்கள் கொண்ட அந்தப் பாதம் மண்ணில் விழும் ஓசையை அருகில் நின்று கேட்பது முற்றிலும் வேறு.

தீவனத்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒட்டி, கையைத் தட்டையாக நீட்டச் சொன்னார் வழிகாட்டி. என் மகள் முதலில் தயங்கினாள், பிறகு நீட்டினாள். அலகு அகலமாகவும் நுனி மழுங்கியும் இருப்பதால் கொத்தும்போது வலிப்பதில்லை, ஆனால் கொத்தின் வேகம் கையை ஒரு முறை கீழே தள்ளி எடுக்கிறது. பறவை தீனியை வாயில் எடுத்ததும் கழுத்தை உயர்த்தி உள்ளே எறிந்துகொள்கிறது. அந்தக் கவளம் ஒரு மீட்டர் நீளக் கழுத்தின் பக்கவாட்டில் சிறு உருண்டையாக மெல்ல இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பல் இல்லாத பறவையாதலால், வயிற்றில் தீனியை அரைக்கும் பையில் கிடந்து அரைப்பதற்காகக் கூழாங்கற்களையும் விழுங்குகிறது. வழிகாட்டி ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்த கற்களை எங்கள் கையில் கொட்டினார். எல்லாமே முனை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தன.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் கடக்க முடியாது. தரைவாழ் உயிரினங்களிலேயே மிகப் பெரிய கண் நெருப்புக்கோழியுடையது; விட்டம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். அதன் மூளை அந்தக் கண்ணைவிடச் சிறியது. நீண்ட கரிய இமைமயிர்களுக்கு நடுவில் ஈரமாகப் பளபளக்கும் அந்தப் பழுப்புக் கண் ஒரு சாண் தொலைவில் வந்து நின்று நம்மைப் பார்க்கும்போது, நம் முகம் அதில் முழுதாகத் தெரிகிறது. ஆபத்து வந்தால் தலையை மணலில் புதைத்துக்கொள்ளும் என்று நாம் பள்ளியில் கேட்ட கதையில் உண்மையில்லை. அடைகாக்கும் பறவை எதிரியைக் கண்டால் கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துக்கொள்ளும். மணலில் தோண்டிய கூட்டிலுள்ள முட்டைகளைத் தலையைத் தாழ்த்தி அவ்வப்போது புரட்டிவிடும். தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தலையைப் புதைத்ததாகத் தோன்றியிருக்க வேண்டும்.

அடைகாக்கும் முறையைக் கேட்ட அம்மா வியந்துபோனார். சாம்பல் பழுப்பு நிறப் பெட்டை பகலில் அமர்கிறது, கரிய நிறச் சேவல் இரவில் அமர்கிறது; இரண்டின் நிறமும் அந்தந்தப் பொழுதில் மறைவாக இருக்க உதவுகிறது. 42 நாள்களில் குஞ்சு வெளிவரும். பண்ணையில் பெரும்பாலும் முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்துவிடுகிறார்கள். ஒரு முட்டையை அம்மாவின் இரு கைகளிலும் வைத்தார் வழிகாட்டி. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, தந்த நிறம், ஓட்டின் மேல் ஊசியால் குத்தியதுபோல் எங்கும் நுண்துளைகள். இருபதுக்கும் மேற்பட்ட கோழி முட்டைகளுக்குச் சமமான இதை முழுதாக வேகவைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஓடு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்த முட்டைகளின் மேல் பார்வையாளர்களை ஏறி நிற்கச் சொல்கிறார்கள். என் தம்பி ஏறி நின்றான், ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு எடையைத் தாங்கும் ஓட்டை உள்ளிருந்து உடைத்துக்கொண்டு வரவேண்டிய குஞ்சின் உழைப்பை நினைத்து அம்மா சிறிது நேரம் அந்த முட்டையைக் கீழே வைக்காமலே இருந்தார்.

முன்பெல்லாம் இந்த ஊருக்கு வரும் பயணிகளை நெருப்புக்கோழியின் முதுகில் ஏற்றிச் சவாரி விடுவது பெரிய கவர்ச்சியாக இருந்தது. பல பண்ணைகள் இப்போது அதை நிறுத்திவிட்டன; நாங்கள் சென்ற இடத்திலும் இல்லை. மிகச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். சுமை சுமக்கப் படைக்கப்பட்ட முதுகல்ல அது. இறகின் அடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தொங்கும்போது பறவை ஓடுவது அச்சத்தால்தான். தீனி கொடுக்கும்போது பறவை தானாக நம்மிடம் வருகிறது, வேண்டாமென்றால் விலகிப் போகிறது. கையால் தொட்டுப் பழகும் பண்ணைகளில் எது தகும், எது தகாது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு வேறுபாடே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பறவைகளைக் கையாளும் முறையையும் காட்டினார்கள். இனப்பெருக்கக் காலத்தில் சேவலின் அலகும் காலின் முன்புறமும் சிவந்துவிடும்; அப்போது அது முன்னோக்கி விடும் உதை ஆளையே கொல்லக்கூடியது. அதனால் பட்டிக்குள் போகும் பணியாளர்கள் கையில் நீண்ட முள்மரக் கிளை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அடிப்பதற்கன்று; அந்தக் கிளையை முகத்துக்கு நேரே நீட்டினாலே, கண்ணில் முள் பட்டுவிடுமோ என்று அஞ்சிப் பறவை பின்வாங்கிவிடுகிறது. பிடிக்க வேண்டுமானால் தலையில் ஒரு துணி உறையை மாட்டுகிறார்கள். இருள் கவிந்ததும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட அந்தப் பறவை அப்படியே அசையாமல் நின்றுவிடுகிறது. பிறகு முக்கோண வடிவிலான ஒரு மரச் சட்டத்துக்குள் அதை நிறுத்தி, சிறகின் வெள்ளை இறகுகளைக் கத்தரிக்கிறார்கள். தண்டுக்குள் இன்னும் இரத்தம் ஓடும் பச்சை இறகைத் தொடுவதில்லை. முற்றி உலர்ந்ததை மட்டும், தோலுக்கு மேலே சிறிது தண்டு விட்டு வெட்டுகிறார்கள்.

அப்படி வெட்டிய இறகு ஒன்றை எங்களிடம் கொடுத்தார்கள். மயில் இறகையும் கோழி இறகையும் பார்த்துப் பழகிய கைக்கு இது புதிதாக இருந்தது. பறக்கும் பறவைகளின் சிறகு இறகில் தண்டின் ஒருபுறம் குறுகியும் மறுபுறம் அகன்றும் இருக்கும். இதில் இருபுறமும் ஒரே அகலம். இழைகளை ஒன்றோடொன்று கோத்துவைக்கும் நுண்கொக்கிகள் இல்லாததால் ஒவ்வோர் இழையும் தனித்தனியே மிதந்து, மூச்சுக் காற்றுக்கே அசைகிறது. பறப்பதற்குப் பயன்படாத இந்த நெகிழ்ச்சிதான் அதைத் தொப்பிக்கு உரிய பொருளாக்கியது.

தொப்பியின் கதைதான் ஊரின் கதையும். 1860களில் காட்டு நெருப்புக்கோழிகளைப் பிடித்து வளர்க்கத் தொடங்கினார்கள். கிரஹாம்ஸ்டவுன் பக்கம் பண்ணை வைத்திருந்த ஆர்தர் டக்ளஸ் என்பவர் உருவாக்கிய இன்குபேட்டரும் கம்பி வேலியும் குதிரை மசாலும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழிலை உச்சிக்குக் கொண்டுபோயின. 1913இல் தென்னாப்பிரிக்காவின் ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளி ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இறகுக்கு இருந்தது. நாட்டில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ப்புப் பறவைகள் இருந்தன. இன்னும் அடர்த்தியான இறகுடைய பறவை வடக்கு ஆப்பிரிக்கப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 1911இல் ரஸல் தார்ன்டன் என்பவரின் தலைமையில் அரசாங்கமே இரகசியமாக ஒரு குழுவை நைஜீரியா வழியாகச் சகாராவின் ஓரம் வரை அனுப்பிப் பறவைகளைக் கொண்டுவரச் செய்தது. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூத வணிகர்கள் பண்ணை பண்ணையாகச் சென்று இறகை வாங்கினார்கள். அவர்களுள் மேக்ஸ் ரோஸ் இறகு மன்னர் என்றே பெயர் பெற்றார். மணற்கல்லால் கட்டிய மாளிகைகள் எழுந்தன. இறகு மாளிகைகள் என்று இன்றும் அழைக்கப்படும் அவற்றில் சிலவற்றை ஊருக்குள் பார்க்கலாம். கோபுரமும் வார்ப்பிரும்பு வேலைப்பாடுகள் கொண்ட தாழ்வாரமுமாக, அந்தப் புதர்க்காட்டின் நடுவே அவை நிற்கின்றன.

1914இல் அத்தனையும் சரிந்தது. தேவைக்கு மேல் உற்பத்தி ஏற்கெனவே பெருகியிருந்தது. திறந்த மோட்டார் கார்கள் பரவியதால் பெரிய இறகுத் தொப்பிகள் வழக்கொழியத் தொடங்கியிருந்தன. அந்த நேரத்தில் போரும் வந்து கப்பல் போக்குவரத்தை முடக்கியது. கடன் வாங்கிப் பறவை வாங்கியவர்கள் நிலத்தை இழந்தார்கள். தீனிக்கு வழியின்றிப் பறவைகள் கொல்லப்பட்டன, அவிழ்த்துவிடப்பட்டன.

வழிகாட்டி இந்தப் பகுதியைச் சொல்லி நான் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். பெருந்துறையைச் சுற்றிய ஊர்களில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் நடந்ததைக் கொங்கு நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சுகளும் கொட்டகையும் தீவனமும் தந்து, மாதாமாதம் பணமும் தருவோம் என்று நடிகர்களை வைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா, மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். முதலில் சில மாதங்கள் பணம் வந்தது; பிறகு நின்றது. 2012 ஆகஸ்டில் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. நெடுநெடுவென்று வளர்ந்த பறவைகள் தீனியின்றிக் கம்பி வலைக்குள் அலைந்ததையும், அவற்றுக்குத் தீவனம் போட அரசாங்கக் கால்நடைப் பராமரிப்புத் துறையே முன்வர வேண்டியிருந்ததையும், பல பறவைகள் மடிந்ததையும் நாங்கள் கண்ணால் பார்த்தோம். பின்னர் வழக்குகள் நடந்தன, கோவை சிறப்பு நீதிமன்றத்தில் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் மாமாவின் கையைவிட்டுப் போன பணம் திரும்பவில்லை.

அதனால்தான் அப்பா கேட்ட கேள்விகள் மற்றப் பார்வையாளர்கள் கேட்டவற்றைப் போல இல்லை. "இத்தனை தீனி போட்டு வளர்க்கறாங்களே, வாங்கறவன் யாருன்னு கேளு கண்ணு" என்றார். வழிகாட்டி அதற்குப் பொறுமையாக விளக்கம் சொன்னார். இறகுச் சந்தை விழுந்த பின் பல பத்தாண்டுகள் தொழில் நசிந்து கிடந்தது. 1945இல் பண்ணையாளர்கள் கூட்டுறவு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் பதப்படுத்தும் கூடமும் தோல் பதனிடும் ஆலையும் அமைந்தன. இன்று ஒரு பறவையின் வருமானத்தில் பெரும்பங்கு தோலும் இறைச்சியும் தருவது. இறகு அவற்றுக்கு அடுத்தது. இறகு இருந்த இடத்தில் சிறு புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும் அந்தத் தோலில் செய்த கைப்பைகளும் காலணிகளும் ஐரோப்பாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் போகின்றன. இறைச்சி, பறவையுடையதாயினும் மாட்டிறைச்சியைப் போலச் சிவப்பானது, கொழுப்பு மிகக் குறைந்தது. இறகோ பிரேசில் திருவிழா உடைகளுக்கும், தூசி தட்டும் துடைப்பங்களுக்கும், வண்ணம் பூசுவதற்கு முன் கார்களின் மேற்பரப்பிலுள்ள நுண்தூசியை அகற்றும் இயந்திரங்களுக்கும் செல்கிறது.

இதில் ஆபத்து இல்லையென்று யாரும் சொல்லவில்லை. 2011இல் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஆயிரக்கணக்கான பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பச்சை இறைச்சியை வாங்குவதை நிறுத்தியது. சூடாக்கிப் பதப்படுத்திய இறைச்சியை மட்டும் ஏற்றுக்கொண்டது. பல குடும்பங்கள் அப்போது தொழிலை விட்டு விலகின. ஆனாலும் விலை ஏறினாலும் இறங்கினாலும் பொருளை வாங்கிச் செல்லும் ஒருவர் சந்தையின் மறுமுனையில் எப்போதும் இருந்தார். எங்கள் ஊரில் ஈமுவின் இறைச்சியையோ தோலையோ எண்ணெயையோ வாங்க அப்படி யாரும் இருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்கு மாத வருமானமாகப் போய்க்கொண்டிருந்தது. பறவை அதில் வெறும் சாட்சியாக நின்றது. இரண்டு நிலங்களும் மழை மறைவுப் பகுதிகள், இரண்டு இடங்களிலும் உழைக்க அஞ்சாத விவசாயிகள் என்றிருந்தும் ஒன்று எழுந்து நின்றதற்கும் மற்றொன்று குப்புற விழுந்ததற்கும் காரணம் இதுதான் என்று அப்பா திரும்பும் வழியில் சொன்னார். அதை நானும் முழுமையாக ஏற்கிறேன். பண்ணையை நேரில் பார்க்காமல், பொருளை வாங்குபவர் யாரென்று கேட்காமல், விளம்பரத்தை மட்டும் நம்பிக் கையெழுத்திட்ட அத்தனை குடும்பங்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

சுற்றின் முடிவில் குஞ்சுகள் இருக்கும் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார்கள். முதுகில் முள்ளம்பன்றியைப் போல விறைத்த தூவிகளும் கழுத்தில் கரும்புள்ளிகளுமாக, முழங்கால் உயரம்கூட இல்லாத குஞ்சுகள் விளக்கின் சூட்டில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றை என் மகளின் மடியில் வைத்தார்கள். இவை ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்ததும் தோலுக்கும் இறைச்சிக்கும் அனுப்பப்படும் என்பதை வழிகாட்டி மறைக்கவில்லை. அவள் கேட்டபோது நேராகவே சொன்னார். அவள் முகம் வாடியது உண்மை. ஆனாலும் குழந்தைகளிடம் பண்ணை என்பது பொம்மை விலங்குகளின் பூங்கா என்று காட்டி அனுப்புவதைவிட, உண்மையைச் சொல்லிப் புரியவைப்பதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று மதியம் பண்ணை உணவகத்தில் அவளும் அம்மாவும் ரொட்டியும் காய்கறியும் மட்டும் சாப்பிட்டார்கள். அப்பாவும் தம்பியும் நெருப்புக்கோழி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள் உதவும். சனவரி, பிப்ரவரியில் வெயில் 40 பாகை வரை ஏறக்கூடும் என்பதால், குளிர்காலம் முடிந்து குஞ்சுகளும் நிறைந்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே ஏற்றவை. பண்ணைக்கு ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். ஊருக்குள் இருக்கும் சி.பி. நெல் அருங்காட்சியகத்தில் இறகுக் காலத்துப் பொருள்களையும் அக்கால யூதச் சமூகத்தின் வாழ்க்கையையும் காட்டுகிறார்கள். பண்ணைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டால் வழிகாட்டி சொல்வது இன்னும் நன்றாக விளங்கும். வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கேங்கோ சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. கேப்டவுனுக்குத் திரும்புபவர்கள் வந்த வழியே கடலோரம் போகாமல், காலிட்ஸ்டோர்ப், லேடிஸ்மித், பேரிடேல் வழியாகச் செல்லும் ஆர்62 சாலையில் போகலாம். காலிட்ஸ்டோர்ப் வரையிலும் சாலையோரப் பட்டிகளில் நெருப்புக்கோழிகளைப் பார்த்துக்கொண்டே செல்லலாம்.